உபயப் பலகையில் இல்லாத ஒரு பெயர்

போன ஞாயிறு எங்கள் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பழைய மரப் பலகையை எடுத்துவிட்டு உபயதாரர் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டப் போகிறார்கள். பட்டியலை வாசித்தார்கள். ஆசாரித் தாத்தா பெயர் வரவில்லை. கேட்டதற்கு, "அவர் பணம் கொடுத்ததாகக் கணக்கில் இல்லையே தம்பி" என்றார்கள். அந்த மரப் பலகையைச் செய்து, அதில் ஒவ்வொரு எழுத்தையும் உளியால் கொத்தியவரே அவர்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரங்கூனில் என் வயதுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

1944-இல் நேதாஜி தலைமையகத்தைச் சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்குக் கொண்டுவந்த சமயத்தில், மீசை முளைக்காத வயதில் ஐ.என்.ஏ.வில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தவர் அவர். தச்சு வேலை தெரிந்த பையன் என்பதால் மேமியோ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இம்பால் போரில் தோற்றுத் திரும்பியவர்களைக் குண்டை விட மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பட்டினியும்தான் அதிகம் தின்றிருந்தன. அவர்களுக்கு ஊன்றுகட்டை செய்தார். பிறகு சவப்பெட்டியும் செய்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார்.

அவர் வாய் திறந்து பேசியது 1945 ஏப்ரல் கடைசியைப் பற்றித்தான். நேதாஜி ஏப்ரல் 24 அன்று ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். ஜப்பான்காரர்களும் போய்விட்டார்கள். வெள்ளைக்காரப் படை வந்து சேர்ந்தது மே 3-ஆம் தேதி. இடையில் ஊருக்குக் காவல் என்று யாருமில்லை. ஜப்பான்காரர்கள் படையெடுத்து வந்த 1942-இல் நடந்த கொள்ளையும் கொலையும், லட்சக்கணக்கில் நம் ஜனங்கள் இந்தியாவுக்குக் கால்நடையாக ஓடியதும் எல்லோர் மனதிலும் இருந்தன. அப்போது மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் ஆயிரக்கணக்கான ஐ.என்.ஏ. வீரர்கள் தெருத்தெருவாக ரோந்து சுற்றி ஊரைக் காத்தார்கள். லோகநாதனும் தமிழர், மருத்துவர். தாத்தாவும் அந்த ரோந்தில் இருந்தார். "நான் ஒரு தோட்டா சுடலப்பா, ஆனா அந்த ஒரு வாரம்தான் நான் பட்டாளத்துக்காரன்" என்பார். நேதாஜி பிறந்தநாளான ஜனவரி 23-க்கு மட்டும் மாலை போடும் நாம் அந்த ஒரு வாரத்தைப் பேசுவதே இல்லை. தோற்றுப்போன படை, சரணடையப் போகிற படை, தன் ஜனத்துக்குக் காவல் நின்றது. என்னைக் கேட்டால் அதற்கு ஈடான வீரம் வேறில்லை.

1964-இல் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 கியாட் நோட்டும் செல்லாமல் போனபோது நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். தாத்தா ஏறவில்லை. இந்தியா 1972-இல் சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்ததும், ஆறு மாதச் சிறைக்குச் சான்று வேண்டுமென்றதும் செய்தியாகத்தான் அவரிடம் வந்து சேர்ந்தன. எந்தக் காகிதமும் அவர் கையில் இல்லை. இங்கே பர்மாவிலும் 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு சாகும்வரை வெளிநாட்டவர் அட்டைதான்.

சரி, இப்படி இரண்டு பக்கமும் கைவிட்ட மனிதர் என்ன செய்தார்? தமிழ்ப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கோயில் மண்டபத்தில் ராத்திரி வகுப்பு நடந்ததே, அதன் பெஞ்சு எல்லாம் அவர் கைவேலை. மிச்சத் தேக்கை மரவாடிகளில் கேட்டு வாங்கி, ஒரு ஆணி இல்லாமல் பொருத்தியவை. நான் அ எழுதிப் பழகியது அதில்தான். தெருவில் ஏழை வீட்டில் சாவு விழுந்தால் பாடைக்கு மூங்கிலோடு முதலில் வருபவரும் அவரே. அதற்குக் கூலி வாங்கி நான் பார்த்ததில்லை. நர்கீஸ் புயல் அடித்த 2008-இல் எண்பது தாண்டிவிட்டது, கை நடுக்கம். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்களுக்கு ரம்பம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, கூரை இழந்த வீடுகளுக்குச் சட்டம் அறுக்க வைத்தார்.

கல்லில் ஒரு வரி கேட்கிறேன், "தச்சு வேலை உபயம்" என்று. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். பணத்துக்குக் கொடுக்கும் மரியாதையை நாற்பது வருட உழைப்புக்கும் கொடுத்தே ஆகவேண்டும்.

உங்கள் வீட்டிலோ கோயிலிலோ பழைய தேக்குப் பெஞ்சு, மணை, ஊஞ்சல் பலகை இருந்தால் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள். அடியில், ஓரமாக, கட்டைவிரல் அளவில் உளியால் ஒரு வேல் செதுக்கியிருந்தால் அது அவர் செய்தது. படம் எடுத்து இங்கே போடுங்கள், கூட்டத்துக்கு நான் கொண்டுபோகிறேன்.