பல்புக்கு ஏது பயனர் பெயர்?

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கல்லூரிக் குடியிருப்பில், பழைய வைஃபையை மூடப்போவதாகவும், எல்லாக் கருவிகளையும் "பாதுகாப்பான" இணைப்புக்கு மாற்றிக்கொள்ளுமாறும் மூன்றாவது முறையாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. மாற்றிக்கொள்ள நான் தயார். வைஃபை வழியாகக் கைப்பேசியால் இயக்கும் என் ஸ்மார்ட் பல்பு தயாராக இல்லையே! ஒவ்வொருவரும் தத்தம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைவதற்கான 802.1எக்ஸ் என்னும் தரம் 2001-லேயே வந்துவிட்டது என்றாலும், கடைகளில் விற்கும் ஸ்மார்ட் பல்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வீட்டு வைஃபையின் ஒற்றைக் கடவுச்சொல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. விசைப்பலகையே இல்லாத பல்பு தன் பெயரை எங்கே போய்த் தட்டச்சு செய்யும்?

அதற்கும் ஒரு வழி உண்டாம்: கருவியின் மேக் முகவரியை, அதாவது தயாரிக்கும்போதே அதற்குக் கொடுக்கப்படும் அடையாளக் குறியை, பதிவு செய்ய வேண்டுமாம். எண்ணும் எழுத்தும் கலந்த அந்த 12 குறிகளை, எறும்பே கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய அளவில் பல்பின் கழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நாற்காலி மேல் ஏறிக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தால், ஐந்தாவது குறி எட்டா, ஆங்கிலப் 'பி'யா? (சேலம் ஐந்து ரோட்டில் உருப்பெருக்கி வாங்கிய செலவை யார் தருவார்கள்?) ஒருவழியாகப் பதிவு செய்து முடித்தால், வைஃபையின் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பல்பு பேசுமாம். அதையும் தாண்டினால், கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி பிரித்து வைத்திருப்பதால், கையில் உள்ள கைப்பேசிக்குத் தலைக்கு மேல் தொங்கும் பல்பு தெரியாதாம். இன்னும் தொலைக்காட்சி, ஸ்பீக்கர், கேமரா மூன்றும் வரிசையில் காத்திருக்கின்றன. கடைசி நாள் வெள்ளிக்கிழமையாம்.