விளாடிவோஸ்டாக்குக்கு வியாபாரம் தெரியாதாம்!

நேற்றைய டிவி விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். சென்னைக்கும் ரஷ்யாவின் கிழக்குக் கோடித் துறைமுகமான விளாடிவோஸ்டாக்குக்கும் இடையிலான கப்பல் வழியைப் பற்றிப் பேச வந்தவர், "பனியும் போர்க்கப்பலும் தவிர அங்கே என்ன இருக்கு? அந்த ஊருக்கு வியாபாரம் தெரியுமா?" என்று சிரித்தார். நெறியாளரும் கூடச் சிரித்தார்.

ஆறு வருஷம் அங்கே மருத்துவம் படித்தவன் நான். அது வியாபாரத்தால் வளர்ந்த ஊர், ஐயா. 1860-இல் ராணுவச் சாவடியாகத்தான் தொடங்கினார்கள், சரி. ஆனால் 1862-லேயே சுங்கவரி இல்லாத துறைமுகம். 1864-இல் குன்ஸ்ட், ஆல்பர்ஸ் என்று இரண்டு ஜெர்மானியர்கள் போட்ட கடை பிற்பாடு மாளிகையானது, இன்றும் நிற்கிறது. சீனர், கொரியர், ஜப்பானியர் எல்லோரும் பிழைத்த ஊர். (கொரியர்களை 1937-இல் ஸ்டாலின் ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பிய கதைக்குத் தனிப் பதிவு வேண்டும்.)

வியாபாரம் தெரியாமல் இல்லை, செய்ய விடவில்லை. 1958 முதல் 1991 வரை வெளிநாட்டவர் நுழையத் தடை. சோவியத் குடிமக்களுக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு பக்கத்து நாஹோத்கா துறைமுகத்துக்குப் போனது. பூட்டியது மாஸ்கோ, பழி ஊருக்கு!

பூட்டு திறந்ததும் ஜப்பானிலிருந்து பழைய கார்களை இறக்கினார்கள். நான் குடியிருந்த வீட்டுப் பாட்டியின் மகனுக்கும் அதுதான் பிழைப்பு. ஸ்டியரிங் நம்மூர் மாதிரி வலப்பக்கம், வண்டி போவதும் சாலையின் வலப்பக்கம். முந்தும்போது உயிர் போய் உயிர் வரும். 2008 டிசம்பரில் கார் இறக்குமதி வரி உயர்வை அறிவித்ததும் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். மாஸ்கோ பக்கமிருந்து விமானத்தில் போலீஸ் வந்து அடித்தது. பாட்டி அன்று சாப்பிடவில்லை. இதுவா வியாபாரம் தெரியாத ஊர்?

"ரஷ்யாவுக்கு வக்காலத்தா?" என்று வருவீர்கள். போரை நான் ஆதரிக்கவில்லை, பத்துத் தடவை எழுதியாகிவிட்டது. விரிகுடா உறையுமா? உறையும். பனியுடைக்கும் கப்பல் பிறகு எதற்கு? 40 நாள் பயணம் 24 நாளாகும் என்பது அரசுக் கணக்குதானே என்றால், ஆமாம், கணக்குதான். அங்கிருந்து நிலக்கரியும் எண்ணெயும் வரும், இங்கிருந்து எதை ஏற்றுவோம் என்று அந்த விவாதக்காரர் கேட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். அதையா கேட்டார்?

போகிற போக்கில், "அங்கே படித்தவனெல்லாம் டாக்டராம்" என்று இன்னொரு சிரிப்பு. மைனஸ் இருபதில் வகுப்புக்கு நடந்து, திரும்பி வந்து தகுதித் தேர்வும் எழுதித்தான் இந்த ஸ்டெதஸ்கோப்பை மாட்டியிருக்கிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.