ஃபேனை நிறுத்திவிட்டு அளக்கணுமாம்!

வீட்டிலேயே துப்பாக்கித் தோட்டா செய்கிறவன் நான். அதற்கு வெடிமருந்தை அளந்து கொட்டுகிற இந்த எலக்ட்ரானிக் பவுடர் டிஸ்பென்சரை வடிவமைத்த மகானை, ஆகஸ்ட் மாதம் டெக்ஸஸில் ஒரு கராஜுக்குள் உட்கார வைக்க வேண்டும். ஏசி இல்லாமல், ஃபேன் இல்லாமல். அப்புறம் பேசட்டும் துல்லியத்தைப் பற்றி.

நேற்று ராத்திரியும் அதே கூத்துதான். .308 ரகத் தோட்டாவின் காலிக் கூடுகளைத் தேய்த்து, ட்ரிம் பண்ணி, மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரை ஏற்றி வரிசையாக அடுக்கியாகிவிட்டது. மருந்து போடுவதுதான் பாக்கி. மிஷினில் இருக்கிற தராசில் காலித் தட்டை வைத்தால் 0.0 கிரெய்ன் காட்ட வேண்டும். 0.3 காட்டியது. எடுத்து வைத்தேன், மைனஸ் 0.2. சரி, தொடாமல் பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவாகவே 0.1-க்கு ஏறியது. ஒரு கிரெய்ன் என்பதே சுமார் 65 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு வரை சுத்தமாக அளக்கும் என்று பெட்டி மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். இது கத்திரிக்காய் எடை இல்லையே, கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை என்று விட! முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடப்போகிற சமாச்சாரம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். பாட்டெல்லாம் கேட்டு முடித்தபின் ஒருவர் வந்தார்.

"மிஷினைச் சூடேற விட்டீர்களா?"

"ஒரு மணி நேரமாக ஓடுகிறது."

"மேலே ட்யூப்லைட் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அணைத்துவிடுங்கள்."

இருட்டில் வெடிமருந்து அளக்கச் சொல்கிற முதல் மனிதர்!

"பக்கத்தில் செல்போன் ஏதும் இருக்கிறதா?"

"அதில்தானே உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்!"

"தள்ளி வையுங்கள்."

அப்புறம் ஏசி. காற்று தட்டில் படுமாம். அதையும் நிறுத்தி, ஃபேனையும் நிறுத்தினேன். வேர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கிறது. மூச்சு விடலாமா என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, தராசுப் பக்கம் திரும்பி விடாமல் இருந்தால் நல்லது என்றார். சீரியஸாக.

என் பழைய பீம் தராசுக்கு ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது. ஒரு கோல், ஒரு தட்டு, ஆட்டத்தை அடக்க ரெண்டு காந்தம். அவ்வளவுதான். இப்போது புதுசு அளந்து கொடுப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பழசில் வைத்துச் சரிபார்க்கிறேன். வேலையைப் பாதியாக்க வந்த மிஷின்!

கூட்டை அழுத்தித் தோட்டாவாக்குகிற பிரஸ்ஸின் கதை இன்னும் மோசம். சிங்கிள் ஸ்டேஜில் ஒவ்வொரு கூட்டையும் ஒவ்வொரு டைக்கும் (அச்சுக்கும்) தனித்தனியாக ஏற்றி இறக்கித் தோள் போச்சு என்று, ஒரே இழுப்பில் பல வேலை செய்கிற ப்ரோக்ரெஸிவ் வாங்கினால், பெட்டிக்குள் கூடுகளின் அடியைப் பிடித்துக்கொள்கிற ஷெல் பிளேட் இல்லை. தனியாக வாங்கணுமாம். சரி, .308-க்கும் .30-06 ரகத் தோட்டாவுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு, ஒரு பிளேட்டிலேயே ஒப்பேற்றலாம். சின்ன ரகமான .223 செய்ய வேண்டுமா? அதற்கு வேறு பிளேட், இன்னொரு தடவை காசு. சக்கரம் இல்லாமல் கார் விற்பானா எவனாவது?

வெடிமருந்து ஆர்டர் பண்ணினால், அபாயகரமான சரக்கு என்று ஹஸ்மட் கட்டணம் வேறு. ஒரு பவுண்டு டப்பா வாங்கினாலும் பார்சலுக்கு அந்தக் கட்டணம் முழுசாக. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 2020-இல் பிரைமருக்கு நாயாய் அலைந்தபோதாவது கடையில் சரக்கே இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இதையெல்லாம் "சொந்தமாகச் செய்தால் மிச்சம்" என்று வீட்டில் சொல்லித்தான் ஆரம்பித்தேன். அந்த வார்த்தையை எடுத்தாலே இப்போது மனைவி சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்புதான் வருகிறது, வேறென்ன செய்ய.

இந்த லட்சணத்தில் காலையில் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம். என் குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறதாம், அபராதம் போடுவார்களாம். எதிர்வீட்டுக்காரர் வாசலில் ஒரு படகையே நிறுத்தி வைத்திருக்கிறார் ஐயா! அது கண்ணில் படவில்லை, என் தொட்டி மட்டும் படுகிறதா?