"மேல தேடிப் பாருங்க"ன்னு சொல்றவங்களுக்கும், தேடாம கேக்கறவங்களுக்கும்

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போன்ல இருக்கற விவசாயக் குழுக்கள்ல அடிக்கடி நடக்குற சண்டை இது. ஒருத்தர் தக்காளி போட்டோ போட்டு "என்ன மருந்து அடிக்கலாம்ணா?"ம்பார். "இதையே எத்தனை தடவை கேப்பீங்க, மேல இருக்கற பழைய மெசேஜ்ல தேடுங்க"ன்னு இன்னொருத்தர் பாய்வார். எந்தக் கேள்விக்குப் பழைய பதில் செல்லும், எதுக்குச் செல்லாதுன்னு ரெண்டு பேருமே பாக்கறதில்ல.

காயோட அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுதா? தேடினாலே போதும். அது பூஞ்சாணமே இல்ல, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத கோளாறு. அந்தச் சத்து தண்ணியோடதான் செடிக்குள்ள ஏறும். நாலஞ்சு நாள் காயவிட்டு ஒரேயடியா பாய்ச்சினா வரும், யூரியாவை அள்ளிக் கொட்டினா கூடும். பாலக்கோட்டுல எப்ப எழுதினாலும் இதே பதில்தான். அதுக்குக் காப்பர் பூஞ்சாண மருந்து வாங்கி அடிக்கறது தண்டச் செலவு.

மருந்து சமாச்சாரம் வேற. போரேட் குருணை, டைக்குளோர்வாஸ், ட்ரையசோபாஸ் மூணும் 2020 டிசம்பர் 31-ஓட நாட்டுலயே தடை. பழைய பதில்கள்ல இன்னும் ஜம்முனு உக்காந்திருக்கு. தக்காளி ஊசிப்புழு இந்தியாவுல தென்பட்டதே 2014-லதான். அதுக்கு முந்தின பதில்ல இலையில பாம்பு ஓடின மாதிரி கோடு விழற பூச்சியைத்தான் சொல்லியிருப்பாங்க. ஊசிப்புழுன்னா இலையில அகலமா வெளுத்த திட்டு விழும், காயிலயும் ஊசி குத்தின ஓட்டை இருக்கும்.

அளவுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. "டேங்குக்கு 10 மில்லி"ன்னு ஒரு பதில் கிடக்கும். யாரோட டேங்க்? 10 லிட்டர் டேங்குல அது லிட்டருக்கு 1 மில்லி, 20 லிட்டர்ல அரை மில்லி. இமிடாகுளோபிரிட்ங்கற பூச்சி மருந்துல 17.8 சதவீதமும் இருக்கு, 70 சதவீதமும் இருக்கு, வீரியம் கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். அந்தச் சதவீதத்தைப் போடாம பேரை மட்டும் எழுதின பதிலை நம்பி அடிக்காதீங்க. மாமரம் பூக்கறதுக்கு வேர்ப்பக்கம் ஊத்தற கல்டாரும் அப்படித்தான். மரத்துக்கு 10 கிராம்னு பரிந்துரைக்கறது உள்ளிருக்கிற மருந்தோட கணக்கு, பாட்டில்ல அது ஏறக்குறைய 40 மில்லி. மண்ணுல தங்கற சரக்கு வேற. போன வருசம் ஊத்தின மரமான்னு சொல்லாம கேட்டா எவராலும் சரியா பதில் சொல்ல முடியாது.

தேடறதுலயும் சூட்சுமம் இருக்கு. தக்காளின்னு தமிழ்ல போட்டுக் கிடைக்கலன்னா இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு மூணு விதமா அடிச்சுப் பாருங்க, நம்மாளுங்க அப்படித்தான் எழுதியிருப்பாங்க. நோய் பேரை விட மருந்து பேரைப் போட்டா சீக்கிரம் சிக்கும். வாய்ஸ் மெசேஜ்ல சொன்னது தேடல்ல வரவே வராது. நல்ல பதில் பாதி அங்கதான் புதைஞ்சு கிடக்கு. வாட்ஸப்ல நேத்து சேர்ந்தவருக்குப் பழைய மெசேஜ் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அவரைப் போய்த் தேடுன்னா எங்க தேடுவார்?

புதுசா கேக்கறீங்கன்னா ரகம், நட்டு எத்தனை நாள், சொட்டுநீரா வாய்க்காலா, கடைசியா என்ன அடிச்சீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. இலையோட அடிப்பக்கத்தையும் படம் எடுங்க, செம்பேனும் வெள்ளை ஈயும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். இலை மஞ்சளாகறது அடி இலையில ஆரம்பிச்சதா கொழுந்துலயான்னு சொல்லுங்க. அடி இலையில ஆரம்பிச்சா பெரும்பாலும் தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைவு. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்து குறைவு. இந்த ஒரு வரி இல்லாம பத்து பேர் பத்து மருந்து சொல்வாங்க.

என் கணக்குல பெரிய தப்பு பதில் சொல்றவங்க மேலதான். மருந்து பேரை மட்டும் எழுதிட்டுப் போனா அது அன்னைக்கு மட்டும்தான் உதவும். ஏன் அதை அடிக்கணும்னு ஒரு வரி சேத்திருந்தா, அடுத்த வருசம் தேடி எடுக்கறவர் தன் தோட்டத்துக்கு ஒத்துவருமான்னு அவரே பாத்துக்குவார். "தேடுங்க"ன்னு எழுதற நேரத்துல அந்தப் பழைய பதிலை ஃபார்வர்டு பண்ணலாமே!

ராயக்கோட்டை சந்தையில தக்காளி விலையை மட்டும் எவரும் தேடாதீங்க, அன்னன்னைக்குக் கேளுங்க. பெட்டிக்கு எத்தனை கிலோன்னும் சேத்துக் கேளுங்க.