அந்த ஒரு சதுர மீட்டரை அடுத்த பேட்ச்சிடம் கொடுங்கள்

சுற்றுச்சூழல் அறிவியல், சூழலியல், புவி அமைப்பு அறிவியல். இந்தப் படிப்புகளில் சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் வேலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் சேருவதற்கு முன் அந்தத் துறைக்கு நேரில் போய் ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு வரச் சொல்வேன்: "பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே படித்தவர்கள் அளந்த எதையாவது இன்றைய மாணவர்கள் இன்னும் அளக்கிறார்களா?" இல்லை என்று பதில் வந்தால், ஆய்வகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அங்கே பாதிப் படிப்புதான் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. என் முதல் களப்பணி, கல்லூரிக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தில். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம். நானும் தோழியும் முட்டி போட்டு உட்கார்ந்து அதற்குள் இருந்த செடிகளை எண்ணினோம். முதல் அரைமணி நேரம் எல்லாமே 'புல்'தான். கண் பழகப் பழக ஒவ்வொன்றாகப் பிரிந்தது. ஒன்றின் அடித்தாள் சிவப்பு. இன்னொன்றின் தண்டில் மெல்லிய மயிர். மூன்றாவது புல்லே இல்லை, கோரை. தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்பும் தட்டுப்படும். அதே இடத்து மண்ணை 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, எடை போட்டு, மூசையில் (சூடு தாங்கும் சின்னக் கிண்ணம்) இட்டு 550 டிகிரி உலையில் நான்கு மணி நேரம் வைத்தோம். கறுப்பாக உள்ளே போன மண் செங்கல் நிறத்தில் வெளியே வந்தது. குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவு கரிமப் பொருள் எரிந்துபோயிருக்கிறது. மண்ணுக்குள் இருந்த உயிரின் மிச்சத்தைத் தராசில் பார்த்த அந்த நாளில்தான் இந்தத் துறை என்னைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு வருஷம் கழித்து, இறுதியாண்டு ஆய்வுக்காக அதே சதுரத்தை மறுபடி எண்ண ஆசைப்பட்டேன். நான்கு மூலையிலும் அடித்திருந்த முளைகளைக் காணவில்லை. எங்கள் ரெக்கார்டு நோட்டுகள் மதிப்பெண் போட்டு முடித்ததும் பழைய தாளோடு தாளாக எடைக்குப் போய்விட்டன. "அது ஏற்கெனவே செய்த தலைப்பும்மா, புதுசா எதையாவது எடு" என்றார் வழிகாட்டி. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சொல்வேன். 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். பத்து லட்சத்தில் சுமார் 313 பங்கு. ஒரு முழு ஆண்டுக் கணக்கு சேர்ந்ததும் ஓர் ஏற்ற இறக்கம் புலப்பட்டது: மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் அக்டோபரில் தாழ்வு. வட அரைக்கோளத்துச் செடிகொடிகள் கோடை முழுக்க உள்ளிழுத்து, பிறகு வெளிவிடும் மூச்சு அது. அதோடு நிறுத்தியிருந்தால் மூச்சு மட்டும்தான் தெரிந்திருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே அலை சற்று மேலே, இன்னும் சற்று மேலே என்று நகர்ந்தபோதுதான் உலகம் எங்கே போகிறது என்று தெரிந்தது. 1964-இல் நிதி குறைக்கப்பட்டு சில மாதங்கள் அளவீடு நின்றது. வரைபடத்தில் அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. கீலிங் 2005-இல் இறந்தார். அவர் மகன் ரால்ஃப் அந்தப் பணியைத் தொடர்கிறார். அளவு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. "ஏற்கெனவே செய்த தலைப்பு" என்று யாராவது கீலிங்கை நிறுத்தியிருந்தால்?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டிலும் இதே கதைதான். 1963-இலிருந்து சூழலியலாளர்கள் லைக்கன்ஸ், போர்மன் குழுவினர் மழையில் என்ன வருகிறது, ஓடையில் என்ன போகிறது என்று வாராவாரம் கணக்கு வைத்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் மரங்களை முழுக்க வெட்டிப் பார்த்தபோது ஓடைநீரில் நைட்ரேட் பல மடங்கு எகிறியது. பக்கத்துப் பள்ளத்தாக்கைத் தொடாமல் அளந்துகொண்டே இருந்ததால்தான் அதற்கு வெட்டியதே காரணம் என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. அங்கே பெய்வது அமில மழை என்று காட்டிக்கொடுத்ததும் அந்த மழைக் கணக்குதான். அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950களிலிருந்து சளைக்காமல் ஓசோனை அளந்து வந்ததால்தான் 1985-இல் அங்கே படலம் மெலிந்திருப்பது வெளியே வந்தது. 1987-இல், ஓசோனை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம்.

நம் பாடத்திட்டத்தில் இவை எல்லாம் முடிவுகளாக மட்டும் வருகின்றன. 'சூழலியல்' என்ற சொல்லைத் தந்த ஹெக்கல் 1866, 'சூழல் அமைப்பு' என்ற சொல்லைத் தந்த டான்ஸ்லி 1935 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். நிலம், நீர், காற்று, உயிர் என்று பெட்டி போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பொருள் நகர்வதைக் காட்ட அம்புக்குறி வரைகிறோம். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் ஒரு வேகம் உண்டு என்பது வகுப்பில் பதிவதே இல்லை. காற்றிலுள்ள நீராவி சுமார் ஒன்பது நாளில் மழையாகிறது. மெத்தேன் பத்தாண்டு அளவில் தங்குகிறது. ஆழ்கடல் நீர் மேலே வந்து சேர ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகலாம். செமஸ்டரோ நான்கைந்து மாதம். அந்தச் சின்ன ஜன்னல் வழியாக ஒரு மாணவி தனியாக எதைப் பார்த்துவிட முடியும்?

ஆகவே "புதுத் தலைப்பு" விதியை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். எல்லோருக்கும் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பேராவது பழைய இடத்தை, பழைய முறையில், பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி அளக்கட்டும். அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள். முளை, அளவு நாடா, மழைமானி, வெப்பமானி, ஒரு கெட்டி அட்டை நோட்டு போதும். பணம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஒழுங்கு வேண்டும். வெப்பமானி உடைந்து புதிது வாங்கினால் அதை எழுதி வைக்க வேண்டும். முடிந்தால் பழையதையும் புதியதையும் சில வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கருவியின் வித்தியாசம் வானிலையின் வித்தியாசமாக வேஷம் போடும். இந்தப் பொறுப்பை எந்தப் பாடப்புத்தகமும் ஊட்டாது. தனக்குப் பின்னால் ஒருவர் வந்து இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்று தெரிந்து எழுதும்போதுதான் அது வருகிறது.

இன்று நான் பாடம் நடத்தும் இடத்தில் அப்படி ஒரு சதுரம் இருக்கிறது. நோட்டு நான்காவது பேட்ச்சின் கையில். போன முறை எண்ணிக்கை திடீரென்று ஏறியதைப் பார்த்து வகுப்பே மழையைக் காரணம் காட்டியது. ஒரு மாணவி நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். அவளுக்கு முந்தைய பேட்ச்சில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தது: "மேற்கே இருந்த மரத்தை இன்று வெட்டிவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்குச் சதுரம் முழுக்க வெயில்." கீழே தேதி போட்டிருந்தது.