சுண்ணாம்பு எங்கே போயிற்று?

(குன்னூர். சித்திரை மாதக் காலை. இரவெல்லாம் பெய்த கோடை மழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. சரிவான சின்னத் தோட்டத்தில் ஜெரேனியமும் ரோஜாவும் தலை கவிழ்ந்து சொட்டிக்கொண்டிருக்கின்றன. வேலியோரம் ஹைட்ரேஞ்சியா மட்டும் நீலம் நீலமாகக் கொத்து விட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரர் பரமசிவம் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைகிறார். மனைவி கோமதி காப்பியுடன் வருகிறாள்.)

கோமதி: வீடு கட்டப் போகிறீர்களா?

பரமசிவம்: தோட்டம். புதிய திட்டம். தென்மேற்கு மழை பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இந்தக் கட்டம் டாலியா.

கோமதி: போன வருஷமும் அந்த இடம் டாலியாதான். ஐப்பசி மழையில் பாதிக் கிழங்கு அழுகியது. அழுகாததை முள்ளம்பன்றி தின்றது.

பரமசிவம்: அதனால்தான் இம்முறை மேட்டுப்பாத்தி. ஓரடி உயரம். அடியில் உடைந்த ஓடு, மேலே மணலும் இலைமக்கும். தண்ணீர் நிற்கவே நிற்காது.

கோமதி: முள்ளம்பன்றி நிற்குமே. இனிமேல் குனியாமல் தின்னும்.

பரமசிவம்: எதையும் பெரிதாக நினைக்கப் பழகு, கோமதி. 1848இல் மெக்ஐவர் ஊட்டித் தாவரவியல் பூங்கா வேலையைத் தொடங்கினாரே, அப்போது அங்கே என்ன இருந்தது? காடும் சேறும்!

கோமதி: அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இங்கே மளிகைக் காசில் அல்லவா மண் வாங்குகிறீர்கள்? சரி, இந்த வட்டம் என்ன?

பரமசிவம்: கமேலியா. தேயிலைக்குச் சொந்தக்காரி. இரண்டும் ஒரே பேரினம். நம் மண்ணும் மழையும் அதற்கு அப்படிப் பொருந்தும்.

கோமதி: வாசலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. அதன் தங்கையைக் காசு கொடுத்து வேறு கூட்டிவர வேண்டுமா? எப்போது பூக்கும்?

பரமசிவம்: மெதுவாகத்தான் வளரும்.

கோமதி: நமக்கு வயது அறுபத்தைந்து. அதையும் கட்டத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள்.

பரமசிவம்: (காதில் விழாதவர்போல) அப்புறம் நத்தைத் தொல்லை. ஓடில்லாத நத்தைகள் இரவில் வந்து நாற்றை வழித்துத் தின்றுவிடுகின்றன. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆழமான கிண்ணத்தைப் பாத்தியில் புதைத்து, கொஞ்சம் பீர் ஊற்றி வைத்தால் போதும். வாசனைக்கு வந்து விழுந்துவிடும்.

கோமதி: பீரா?

பரமசிவம்: நத்தைக்கு.

கோமதி: கிண்ணம் எத்தனை?

பரமசிவம்: நாலு.

கோமதி: வாங்கப்போவது எத்தனை பாட்டில்?

பரமசிவம்: மழை ஊர் அல்லவா? ஊற்றியதில் மழைநீர் கலந்துவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும்.

கோமதி: ராத்திரி டார்ச்சுடன் போய் நானே பொறுக்கிப் போட்டுவிடுகிறேன். நத்தை அதிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து பழைய பாட்டுப் பாடுவதை என்னால் கேட்க முடியாது.

பரமசிவம்: உனக்குத் தோட்டக்கலையே பிடிக்கவில்லை.

கோமதி: பிடிக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். உங்கள் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பி காலியாக இருக்கிறது. நேற்றும் காலி, முந்தாநாளும் காலி. அத்தை என்னைச் சந்தேகப்படுகிறார்.

(பரமசிவம் ஹைட்ரேஞ்சியாவைப் பார்க்கிறார். உடனே பார்வையை வானத்துக்கு மாற்றுகிறார்.)

பரமசிவம்: மேகம் மறுபடியும் திரள்கிறது.

கோமதி: சுண்ணாம்பு.

பரமசிவம்: அது ஓர் ஆராய்ச்சி. இங்கே பெய்கிற மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மண் புளித்துவிடுகிறது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறும். பூ நீலமாகும். சுண்ணாம்பு போட்டால் அலுமினியம் கட்டுப்படும். பூ இளஞ்சிவப்பாகும். அடுத்த வீட்டு டீச்சர் தோட்டத்தில் எப்படிப் பூத்திருக்கிறது பார்த்தாயா!

கோமதி: அதற்கு மூட்டைக் கணக்கில் அல்லவா சுண்ணாம்பு வேண்டும்? வெற்றிலைக்குத் தடவுகிறதைத் தடவினால் ஆகுமா?

பரமசிவம்: கீழ்க்கொத்தில் ஓர் இதழ் லேசாகச் சிவந்திருக்கிறது.

கோமதி: வெட்கத்தில் சிவந்திருக்கும். டீச்சர் வீட்டுப் பின்சுவரைப் போன வருஷம் இடித்துக் கட்டினார்களே, சிமெண்டுக் கழிவையெல்லாம் எங்கே கொட்டினார்கள்?

பரமசிவம்: செடியடியில்! சிமெண்டில் சுண்ணாம்பு! அடடா, அந்த அம்மாவுக்கு யோகம்.

கோமதி: யோகமா? நேற்று அழாத குறையாக வந்து நின்றார். "உங்கள் வீட்டில் மட்டும் எப்படி இவ்வளவு நீலம்? எனக்கு இந்தச் சிவப்பைக் கண்டாலே ஆகவில்லை" என்கிறார்.

பரமசிவம்: (துள்ளி எழுந்து) அப்படியானால் செடிகளை மாற்றிக்கொள்ளலாம்!

கோமதி: நிறம் மண்ணில் இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னீர்கள்? இங்கே வந்தால் அது நீலமாகிவிடும், அங்கே போனால் இது சிவந்துவிடும்.

(நீண்ட யோசனை.)

பரமசிவம்: மண்ணை மாற்றிக்கொண்டால்?

கோமதி: வேலி தாண்டிக் கூடையில் சுமந்தா? வழியில் காட்டுமாடு நிற்கும். டன் கணக்கில் எடை. அதனிடம் நாட்காட்டியைக் காட்டி விளக்கிக்கொள்ளுங்கள்.

பரமசிவம்: நீலம்தான் வேண்டுமென்றால் டீச்சருக்கு வழி சுலபம். படிகாரத்தைக் கரைத்து ஊற்றச் சொல். அதில் அலுமினியம் இருக்கிறது.

கோமதி: சொன்னேன். தினமும் நீங்கள் பேசுவதைக் கேட்கிறேனே. கையோடு கொடுத்தும் அனுப்பிவிட்டேன்.

பரமசிவம்: நம் வீட்டில் ஏது படிகாரம்?

(கோமதி பதில் சொல்லாமல் காப்பி டம்ளரை எடுக்கிறாள். பரமசிவம் காலையில் சவரம் செய்த தாடையை மெல்லத் தடவிப் பார்க்கிறார்.)

பரமசிவம்: என் சவரப் பெட்டியிலிருந்தா? முழுக்கட்டியையுமா?

கோமதி: ஆராய்ச்சிக்குத்தானே கொடுத்தேன். (உள்ளே திரும்பி) அத்தை, சுண்ணாம்பு கிடைத்துவிட்டது! வெற்றிலையை எடுத்துக்கொண்டு வேலியோரம் வாருங்கள்.