வேக்ஸ் வார விடுமுறைக்குச் சம்பளம் கிடைத்ததா?

வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பஞ்சாலை முதலாளிகள் தாராள மனத்தோடு தொழிலாளர்களைச் சம்பளத்துடன் பிளாக்பூல் கடற்கரைக்கு அனுப்பி வைத்தார்கள் என்று சொல்லப்படுவது சரியல்ல. வேக்ஸ் வாரம் எனப்பட்ட அந்த வருடாந்தரக் கோடை விடுமுறையில் ஆலை முழுவதும் மூடப்பட்டது உண்மைதான். ஆனால் கொதிகலன்களைச் சுத்தம் செய்யவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அது முதலாளிகளுக்கே வசதியாக இருந்தது, தொழிலாளிக்கோ நெடுங்காலம் அது கூலியில்லாத வாரமாகவே கழிந்தது. அதனால்தான் ஓல்டாம் போன்ற ஊர்களில் நம் ஊர்த் தீபாவளிச் சீட்டைப் போல வாராவாரம் சில்லறை கட்டிச் சேமிக்கும் சங்கங்கள் செழித்தன. சம்பளத்துடன் கூடிய விடுமுறை பற்றிய பிரிட்டனின் 1938ஆம் ஆண்டுச் சட்டமும் அனைவருக்கும் விடுமுறைச் சம்பளத்தைக் கட்டாயமாக்கவில்லை. கூலி நிர்ணய அமைப்புகள் ஒரு வாரம்வரை அதை வழங்கலாம் என்றே அனுமதித்தது.

'ஒரே வாரத்தில் லங்காஷயரே காலியானது' என்று சொல்லப்படுவதும் மிகை. ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு வாரம். பர்ன்லிக்கு ஜூலையில், ஓல்டாமுக்கு ஆகஸ்ட் இறுதியில். இந்த முறைவைப்பால்தான் பிளாக்பூல் விடுதிகள் கோடை முழுவதும் நிரம்பின. தாராளம் அங்கும் அவ்வளவாக இல்லை: மேசையில் இருந்த உப்பு, மிளகுக் குப்பிகளைப் பயன்படுத்தியதற்கே தனிக் கட்டணம் எழுதிய விடுதிக்கார அம்மாக்கள் இருந்தார்கள்.